தூளியில் கிடந்த பிள்ளையை யார் எழுதினார்கள்?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு பாடம் உண்டு. அதில் பியாஜே வருவார். சுவிட்சர்லாந்தில் தம் சொந்தப் பிள்ளைகள் மூவரைக் கூர்ந்து கவனித்து எழுதியவர். மரியா மாண்டிசோரி வருவார். 1907-ல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியவர். 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இருவரும் மேதைகள்தான். ஆனால் நாங்கள் படித்த பாடத்தில் காவிரிக்கரைப் பிள்ளை ஒரு பக்கத்திலும் இல்லை.

நம் பிள்ளை வளர்ப்பை யாருமே ஆராயவில்லையா? ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் இளம் ஆய்வாளர்கள்.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு 1951-ல் தஞ்சை மாவட்டத்துக்கு வந்தார் கேத்லீன் கோஃப். இரண்டு கிராமங்களில் தங்கினார். ஒன்றுக்குக் கும்பபேட்டை என்று மாற்றுப் பெயர் வைத்தார். அவர் இங்கே இருந்தபோதுதான், 1952-ல், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் அவர் வெளியிட்ட கட்டுரை அக்கிரகாரத்துக் குடும்ப உறவுகளைப் பற்றியது. அப்பாவிடம் அச்சம் கலந்த மரியாதை, அம்மாவிடம் ஒட்டுதல் என்று விவரித்துவிட்டு, அதை உழைக்கும் சாதிகளின் குடும்பத்தோடு ஒப்பிடுகிறார். அங்கே பெண்ணும் வயலில் இறங்கிக் கூலி வாங்குகிறாள். வீட்டில் அவள் பேச்சுக்கும் இடம் இருக்கிறது.

ஆக, ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு பிள்ளை வளர்ப்பு வேறு. நடவுக்குப் போகும் தாய் வரப்போர மரத்தில் தூளி கட்டுவாள். தூளியை ஆட்ட எட்டு வயது மூத்த பெண் வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் நடவு நாட்களில் பெண் பிள்ளைகள் பெயருக்கு நேரே வரிசையாக விழுந்த சுழிகளுக்கு அதுதான் காரணம். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அது அக்கறைக் குறைவல்ல, நாள்கூலிக் கணக்கு.

பத்து ஆண்டு கழித்து, 1961-ல், தில்லி பல்கலைக்கழக ஆய்வு மாணவராக ஆந்த்ரே பெத்தேய் வந்தார். அவர் ஊருக்கு வைத்த மாற்றுப் பெயர் ஸ்ரீபுரம். தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் தெருவுக்குத் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆய்வாளர் எந்தத் திண்ணையில் உட்காருகிறாரோ, அந்தத் தெருப் பிள்ளைதான் அவர் கண்ணில் படும்.

இவர்கள் இருவருக்கும் முக்கியமாகப் பட்டவை சாதியும் நிலமும். பாசத்தையே நடுவில் வைத்து எழுதியவர் மார்கரெட் ட்ராவிக். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவியாக 1975 வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். பின்னரும் வந்து, ஒரு கூட்டுக்குடும்பத்தோடு பழகி, 1990-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அன்பைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். அன்பை விளக்க அவர் எடுத்துக்கொண்டவை நம் வீட்டுச் சொற்கள்: அடக்கம், பழக்கம், பணிவு, கொடுமை. தூங்கும் பிள்ளையைத் தாய் ஆசையோடு பார்க்கக்கூடாது, கண்பட்டுவிடும் என்பார்களே, அதையும் கவனித்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் பாசம் இல்லாதது போலத் தெரியும். உண்மையில் பாசம் அதிகம் என்பதால்தான் அதை அடக்கி வைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். பியாஜேயை மட்டும் படித்த ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும்?

இவை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. யாருடைய வாழ்க்கையோ, அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-லேயே வந்துவிட்டது. பட்டிதொட்டியெங்கும் இன்று முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் இருக்கிறார்கள். தூளி ஆட்டிய மூத்த பெண்களின் பேத்திகள் அவர்கள். எந்தத் தெருவுக்குள் போகவும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆய்வுத் தலைப்பு தேடும் பிள்ளைகளே, உங்கள் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், நடவுக்குப் போனபோது எப்போது பால் கொடுத்தார்கள், யார் பள்ளிக்குப் போனார்கள், யார் நின்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எல்லாத் தெருவிலும் கேளுங்கள்.

1952-ல் இருபது வயதுத் தாயாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். தள்ளிப்போடாதீர்கள்.