ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நில அதிர்வுகள்

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரம் தார்வார் நிலத்தொகுதியின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள நைஸ் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. இவ்வளவு பழைய, கெட்டியான பாறைமேல் இருக்கும் ஊர்களுக்கு நிலநடுக்கம் வராது என்ற நம்பிக்கை இங்கு பரவலாக உண்டு. பாறை பழையது என்பது உண்மை. ஆனால் இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டுவதால் எழும் அழுத்தம் இமயமலையோடு நிற்பதில்லை. தீபகற்பத்தின் உட்பகுதியிலுள்ள பழைய பிளவுகளிலும் சேர்கிறது. இந்த வட்டாரம் அமைதியானது என்ற பெயரில் ஒரு பங்கு, அதிர்வை எழுதிவைக்க அருகில் கருவி இல்லாததால் கிடைத்தது என்றே சான்றுகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

பழைய பதிவுகள் மிகக் குறைவு. 1822 ஜனவரியில் வந்தவாசிப் பக்கம் உணரப்பட்ட அதிர்வும், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கமும் பட்டியல்களில் துலக்கமாகத் தெரிகின்றன. பின்னதன் அளவு சுமார் 6 எனப்படுகிறது. மையம் பாலக்காட்டுக் கணவாயில் எங்கே என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்தக் காலத்தில்தான் நில அதிர்வியலும் உருப்பெற்றது. 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த அசாம் நிலநடுக்கத்தின் தொலைதூரப் பதிவுகளை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம், மூவகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். பாறையை அழுத்தியும் தளர்த்தியும் முன்னேறும் முதன்மை அலை முதலில் வரும். பக்கவாட்டில் உலுக்கும் இரண்டாம் அலை அதன் பின்னே வரும். நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி நகரும் அலைகள் கடைசியில் வரும். கெட்டிப் பாறையில் முதல் அலையின் வேகம் நொடிக்கு சுமார் 6 கி.மீ., இரண்டாம் அலையின் வேகம் சுமார் 3.5 கி.மீ. இரண்டும் வந்துசேரும் இடைவெளியை நொடிகளில் கணக்கிட்டு எட்டால் பெருக்கினால், அதிர்வு எத்தனை கி.மீ. தொலைவில் எழுந்தது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

இந்த வட்டாரத்துக்கு அருகில் தொடர்ச்சியான பதிவு கிடைப்பது கோலார் தங்கவயலில். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள அந்தச் சுரங்கங்களில், 1880களிலிருந்து, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பெருந்தொகையாக வேலை செய்தனர். ஆழம் கூடக்கூட, வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றிய பாறை மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்க முடியாமல் திடீரென வெடித்துச் சிதறியது. மைசூர் நிலவியல் துறையின் டபிள்யூ. எஃப். ஸ்மீத் 1904இலேயே இந்தப் பாறைவெடிப்புகளைப் பற்றித் தனி அறிக்கை எழுதினார். 1910களில் வீகர்ட் வகை அதிர்வுமானி ஒன்று அங்கே நிறுவப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தைத் தாண்டியபோது சில வெடிப்புகள் மேலேயுள்ள வீடுகளின் சுவர்களில் விரிசல் விடும் அளவுக்கு வலுத்தன. பாறையில் தேங்கிய அழுத்தம் நொடியில் அலையாக மாறுவதை மனிதர் இத்தனை அருகிலிருந்து, இவ்வளவு விலை கொடுத்து அறிந்த இடங்கள் உலகில் மிகச் சில. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டதற்கு இந்த வரலாறே பின்னணி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டு நீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் தொடர்ந்ததாக ஆய்வுகள் கூறுகின்றன.

இரண்டாவது பதிவு கௌரிபிதனூருடையது. 1963ஆம் ஆண்டின் அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் நிலத்தடிச் சோதனைகளைத் தடை செய்யவில்லை. அவற்றைத் தொலைவிலிருந்தே கண்டறிய பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையம் ஸ்காட்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் அமைத்த அதிர்வுமானி வரிசைகளைப் போன்ற ஒன்று, இன்றைய பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கூட்டுறவோடு 1965இல் பெங்களூருக்கு வடக்கே அமைந்தது. செங்கோணத்தில் நீளும் இரு கைகளில் 20 அதிர்வுமானிகள். மிகத் தொலைவில் எழும் அலை பூமியின் ஆழத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறி வருவதால், 20 கி.மீ. நீளக் கையை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடும். அருகில் எழும் அலை கிடைமட்டமாக வருவதால் மூன்று நொடிக்கு மேல் பிடிக்கும். கருவிகளுக்கிடையே உள்ள இந்தத் தாமதமே அலை எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது; இந்த ஏற்பாட்டின் எளிமை வியக்கத்தக்கது. ஆக, ஓசூருக்கு அருகிலிருந்த தரமான இரு கண்காணிப்புகளில் ஒன்று சுரங்கத்துக்காகவும் மற்றது அணுகுண்டுக்காகவும் எழுந்தது. உள்ளூர் நிலநடுக்கங்கள் அவற்றில் பதிவானது உபரிப் பயன்தான்.

அப்படிப் பதிவானவற்றில் இந்த வட்டாரத்துக்கே உரியது 1984 மார்ச் 20 அதிர்வு. ஆனேக்கல் – தேன்கனிக்கோட்டைப் பகுதியை மையமாகக் கொண்ட அதன் அளவு பட்டியல்களில் 4.6 என்றுள்ளது. கௌரிபிதனூர் அங்கிருந்து சுமார் 120 கி.மீ.; இரு அலைகளுக்கும் அங்கே 15 நொடி இடைவெளி இருந்திருக்க வேண்டும். 4.6 சிறிய அளவுதானே, இதைக் கொண்டு என்ன நிறுவ முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 6.2 அளவு நிலநடுக்கம் வெளிவிடும் ஆற்றல் இதைப்போல் சுமார் 250 மடங்கு. ஆனால் அந்த 6.2 அளவில் 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி ஊர் அழிந்ததும் பழைய தீபகற்பப் பாறைப் பகுதியில்தான். அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அந்த ஊர் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில்தான் இருந்தது. 1967இல் கொய்னாவில் நிலநடுக்கம் வந்தபோதும் அப்பகுதி ஆபத்துக் குறைந்ததாகவே கருதப்பட்டிருந்தது. நீண்ட அமைதியைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொண்ட கணக்கு இரு முறை பொய்த்திருக்கிறது. அதற்காக ஓசூரில் கில்லாரி நிகழும் என்று சொல்லவும் சான்றில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சீதாராம், அன்பழகன் ஆகியோர் மாண்டியா – சென்னபட்டணம் – பெங்களூர் பிளவுக்கோட்டில் எதிர்பார்க்கத்தக்க அளவை 5.1 என்று மதிப்பிட்டனர். இம்மதிப்பு எடுத்துக்கொள்ளும் பதிவுக்காலத்தைப் பொறுத்தது என்பதால் கூடலாம், குறையலாம்.

கிரானைட் குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் உணரப்படும் குலுக்கலெல்லாம் வெடியால்தான் என்பது இன்னொரு வாதம். பலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் குவாரி வெடி எல்லாத் திசையிலும் பாறையை வெளியே தள்ளும். இரண்டாம் அலை மெலிந்திருக்கும். மையம் தரைமட்டத்திலேயே இருக்கும். நிலநடுக்கத்தில் பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்வதால் சில திசையில் தள்ளலும் சில திசையில் இழுப்பும் பதிவாகும். பல கருவிகள் அருகில் இருந்தால் இரண்டையும் பிரித்தறியலாம். உணரப்படும் குலுக்கல் நிலத்தின் தன்மையையும் பொறுத்தது. கெட்டிப் பாறையில் அலை அதிகம் வலுக்குறையாமல் வெகுதூரம் போகும். ஏரியைத் தூர்த்த மண்ணிலோ வேகம் குறைந்து அசைவு பெருகும். எனவே ஒரே சிப்காட் தொழில் வளாகத்தில் பாறைமேல் நிற்கும் கூடத்துக்கும் நிரப்பிய மண்ணில் எழுப்பிய கூடத்துக்கும் ஒரே அதிர்வு ஒன்றுபோல் இராது.

கட்டட விதியான ஐ.எஸ். 1893, 2002 திருத்தத்தில் முதல் மண்டலத்தை நீக்கியது. அத்திருத்தத்தின் பட்டியலில் தர்மபுரி மூன்றாம் மண்டலத்திலும் பெங்களூர் இரண்டாம் மண்டலத்திலும் இடம்பெற்றன. மண்டலக் காரணிகள் முறையே 0.16, 0.10. ஓசூர் இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கிறது. சுற்றுப்புறத்தில் அதிர்வுகளும் ஓயவில்லை: 2021 நவம்பரில் வேலூர் அருகேயும் டிசம்பரில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலும் சிறு அதிர்வுகள் பதிவாயின.