ஓக்லாந்து 2002: தங்கியவர் யார், தக்கவைத்தவர் யார்?

1

ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் கழகத்தின் பொது மேலாளர் பில்லி பீன், 2002 நவம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நீட்டிய ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு வாய்ச் சம்மதம் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினார். ஒப்பந்தத் தொகை 1 கோடியே 25 லட்சம் டாலர். அதுவரை எந்தப் பொது மேலாளருக்கும் யாரும் தர முன்வராத தொகை. பேஸ்பால் நிர்வாக வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் இந்த நிகழ்வைத் தொடாமல் போவதில்லை. தொடுகிறவர்களில் பெரும்பாலோர் மைக்கேல் லூயிஸின் கண்கொண்டே அதைப் பார்க்கிறார்கள். 2003-இல் வெளிவந்த அவரது ‘மணிபால்’ நூலின் கடைசி இயல் இந்நிகழ்வுக்கு ஒரு பொருள் கொடுத்தது. 2011-இல் வந்த திரைப்படம் அதே பொருளை உலகெங்கும் கொண்டு சென்றது.

அந்தப் பொருள் இங்கு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு மனிதர் ஏன் தங்கினார் என்று லூயிஸ் கேட்டார். கிடைத்த விடையை அழகாக எழுதினார். ஒரு கழகம் தன் நிர்வாகத் தலைமையை எந்த வழியில் கைவிடாமல் வைத்துக்கொண்டது என்ற கேள்வி அவர் நூலில் எழவே இல்லை. சான்றுகளோ அந்தக் கேள்விக்குத்தான் கூடுதலாகக் கிடைக்கின்றன.

2

லூயிஸின் வாசிப்பை முதலில் அதன் முழு வலுவோடு எடுத்துரைப்பது முறை. 1980-இல் நியூயார்க் மெட்ஸ் தன் முதல் சுற்றிலேயே, மொத்த வரிசையில் 23-ஆவதாக, பள்ளி மாணவர் பீனைத் தேர்ந்தெடுத்தது. 1 லட்சத்து 25 ஆயிரம் டாலர் முன்பணத்துக்காக ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தை அவர் விட்டுக்கொடுத்தார். ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. பெருங்கூட்டமைப்பில் ஆடியது 148 ஆட்டங்களே. 1990-இல் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, எதிரணிகளை வேவு பார்க்கும் வேலையை ஓக்லாந்து நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார். பணத்துக்காக வாழ்வில் ஒரே ஒரு முடிவு எடுத்ததாகவும், இனி அப்படி எடுப்பதில்லை என்று அன்றே உறுதி பூண்டதாகவும் பாஸ்டனை மறுத்தபோது பீன் சொன்னார். லூயிஸின் நூல் அந்த இளைஞரில் தொடங்கி இந்த மறுப்பில் முடிகிறது.

இந்த விளக்கத்தைப் பொய் என்று தள்ள எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பருவம் முழுக்க ஓக்லாந்து அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பார்த்த எழுத்தாளர் லூயிஸ். அத்தகைய அனுமதி வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. ஆயினும் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, சான்றின் தன்மை. முடிவு எடுத்தவரே, எடுத்த பின்பு, செய்தியாளர்களிடம் சொன்ன காரணம் இது. ஆட்சியாளர் தம் செயலுக்குத் தாமே கற்பிக்கும் நோக்கத்தை மெய்க்கீர்த்தியில் படித்தால் எவ்வளவு எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்வோமோ, அவ்வளவு எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

இரண்டாவது, விளக்கத்தின் அளவு. பணத்துக்காக இனி முடிவெடுப்பதில்லை என்ற உறுதி 1980-களிலிருந்தே இருந்திருந்தால், முதலில் சம்மதித்தது ஏன்? உறுதி மறுப்பை விளக்குகிறது. அதற்கு முந்தைய சம்மதத்தை விளக்கவில்லை. லூயிஸ் இரண்டையும் பதிவு செய்கிறார். எடை முழுவதையும் இரண்டாவதன்மேல் ஏற்றுகிறார்.

மூன்றாவதே முக்கியமானது. இந்த வாசிப்பில் கழகம் வாயில்லாப் பாத்திரமாகிவிடுகிறது. பீனுக்கு ஓக்லாந்தோடு ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. உரிமையாளர் ஸ்டீவ் ஷாட் அனுமதி தராமல் பாஸ்டன் அவரோடு பேசியிருக்க முடியாது. அனுமதி தந்தது ஒரு நிறுவனச் செயல். ஈடாக ஏதேனும் வேண்டும் என்று கேட்டது இன்னொரு நிறுவனச் செயல். பாஸ்டன் பக்கத்தில் உரிமையாளர் ஜான் ஹென்றியின் ஆவலை எழுதும் லூயிஸ், ஓக்லாந்து பக்கத்தில் உரிமையாளரின் கணக்கை எழுதவில்லை. வீரர்களின் விலையை இவ்வளவு கூர்மையாக ஆராய்ந்த நூல், அவர்களை விலை பேசிய அலுவலகத்துக்கே ஒரு விலை போடப்பட்டதைக் கதையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறது.

3

அப்படி ஓரத்தில் வைக்கப்பட்ட ஒரு பகுதியே என் வாதத்துக்கு மையம். பீன் பாஸ்டன் போவது ஏறத்தாழ உறுதியான அந்தச் சில நாட்களில், அவர் இடத்துக்கு வரவிருந்த துணைப் பொது மேலாளர் பால் டிபொடெஸ்டாவும் பீனும் ஈட்டைப் பற்றி வாதிடுகிறார்கள். பீனை விட்டுக்கொடுப்பதற்குப் பாஸ்டன் எந்த வீரரைத் தரவேண்டும்? பேச்சில் அடிபடும் பெயர் கெவின் யூக்கிலிஸ். 2001 தேர்வில் எட்டாம் சுற்றில் பாஸ்டன் எடுத்த இளைஞர். பந்தைப் பொறுத்திருந்து விட்டு நடையாக முதல் தளத்தை அடைவதில் வல்லவர். ஓக்லாந்து அலுவலகம் நெடுநாளாகக் கண் வைத்திருந்தவர். லூயிஸ் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக் கடக்கிறார். திரைப்படத்தில் இந்தப் பேரம் இடம்பெறவே இல்லை. அங்கே ஹென்றியும் பீனும் பாஸ்டன் மைதானத்தில் தனியே பேசுகிறார்கள். ஓக்லாந்து கழகம் காட்சியில் இல்லை. டிபொடெஸ்டாவின் பெயரும் இல்லை. பீட்டர் பிராண்ட் என்ற கற்பனைப் பாத்திரம் அந்த இடத்தை நிரப்புகிறது.

இந்தப் பாடவேறுபாட்டை, படத்தின் நீளத்துக்காகச் செய்த சுருக்கம் என்று விட்டுவிட முடியாது. பேரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மனிதரின் தனி முடிவு. பேரத்தை வைத்துப் படித்தால் மூன்று செய்திகள் தெரிகின்றன. பீன் போனால் யார் என்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. அந்த வாரிசு பீனின் அறையில் பயின்றவர். அவரது அளவுகோலாலேயே வீரர்களை அளந்தவர். போகிறவரின் ஈட்டைக் கேட்கும் அதிகாரம்கூட அந்த வாரிசின் கையில் வந்துவிட்டிருந்தது. அதாவது, பீன் போனாலும் இருந்தாலும் ஓக்லாந்தின் நிர்வாகத் தலைமை மாறப்போவதில்லை என்ற ஏற்பாடு நவம்பருக்குள் கூடிவந்திருந்தது. அவர் மறுத்ததால் தலைமை தப்பியது என்ற லூயிஸின் முடிவு இந்தப் பகுதியின் முன் நிற்கவில்லை. அதைத் தந்தவரும் லூயிஸே.

சம்மதம் எந்த நாளில் கொடுக்கப்பட்டது, எந்த நாளில் திரும்பப் பெறப்பட்டது என்பதை இறுக்கிச் சொல்ல நான் முனையவில்லை. கையெழுத்தான ஆவணம் இல்லாத ஒன்றுக்கு நாள் குறிப்பது, சாசனம் வெட்டப்படாத கொடைக்கு ஆண்டு குறிப்பதற்குச் சமம். பாஸ்டன் 28 வயது தியோ எப்ஸ்டீனைப் பொது மேலாளராக அறிவித்தது 2002 நவம்பர் 25. அதற்கு முன் என்பது மட்டும் திண்ணம்.

4

நிர்வாகிக்கு வீரரை ஈடு கேட்பது ஓக்லாந்தின் புதுமையா? அப்படிச் சொல்ல இடமில்லை. இந்த வழக்கம் முதலில் களத்தை நடத்தும் மேலாளர்களைச் சுற்றியே வளர்ந்தது. 1967-இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் தன் களமேலாளர் கில் ஹாட்ஜஸை மெட்ஸுக்கு விட்டு, பில் டெனஹி என்ற பந்துவீச்சாளரையும் 1 லட்சம் டாலரையும் பெற்றது. 1976-இல் இதே ஓக்லாந்து, சார்லி ஃபின்லி உரிமையாளராக இருந்தபோது, களமேலாளர் சக் டேனரைப் பிட்ஸ்பர்குக்கு அனுப்பி மேனி சாங்கியனையும் 1 லட்சம் டாலரையும் வாங்கியது. ஃபின்லி காலத்தில் நிர்வாகம் என்பதே ஏறத்தாழ ஃபின்லிதான். ஈடு கேட்கும்படியான நிர்வாகி அங்கே வேறு யாருமில்லை.

1994-இல் நிலைமை மாறியிருக்கிறது. மின்னசோட்டா ட்வின்ஸின் பொது மேலாளர் ஆண்டி மெக்ஃபெயில் சிகாகோ கப்ஸுக்குப் போனபோது, ஹெக்டர் ட்ரினிடாட் என்ற இளம் பந்துவீச்சாளர் ஈடாக வந்தார். 2011-இல் எப்ஸ்டீன் பாஸ்டனிலிருந்து அதே கப்ஸுக்குப் போனார். ஈட்டு இழுபறி 2012 பிப்ரவரி வரை நீண்டு, கிறிஸ் கார்பென்டர் என்ற பந்துவீச்சாளரில் முடிந்தது. 2002-இன் யூக்கிலிஸ் பேரம் இவ்விரண்டுக்கும் நடுவே, நிறைவேறாத ஒரு கண்ணியாக நிற்கிறது.

களமேலாளரின் விலை சரிந்து நிர்வாகியின் விலை ஏறியது என்று இதிலிருந்து நேர்கோடு இழுக்க ஆசை வரும். எதிர்ச்சான்று உண்டு. 2011-இல் களமேலாளர் ஓஸி கியெனை மார்லின்ஸுக்கு விட்ட சிகாகோ வைட் சாக்ஸ் இரு வீரர்களைப் பெற்றது. 2012-இல் ஜான் ஃபாரலை பாஸ்டனுக்கு விட்ட டொராண்டோ, மைக் அவிலேஸைப் பெற்றது. ஆகவே பொது விதி எதையும் நான் முன்வைக்கவில்லை. ஓக்லாந்து என்ற ஒரு கழகத்துக்குள் மட்டும் போக்கு தெளிவாக இருக்கிறது. 2002-இல் 103 வெற்றி ஈட்டிய களமேலாளர் ஆர்ட் ஹவ் மெட்ஸுக்குப் போகக் கழகமே வழிவிட்டது. 2021-இல் களமேலாளர் பாப் மெல்வின், அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம் கையில் இருக்கவே, ஈடு ஏதுமின்றிச் சான் டியாகோவுக்கு அனுப்பப்பட்டார். டேனருக்கு ஒரு வீரரும் லட்சம் டாலரும் வாங்கிய கழகம், மெல்வினுக்கு எதுவும் கேட்கவில்லை.

5

அப்படியானால் பீனைத் தக்கவைத்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது? 2005 என்பதே என் கருத்து. ஷாட்டும் அவரது இணை உரிமையாளர் ஹாஃப்மனும் கழகத்தை லூ வுல்ஃப் தலைமையிலான குழுவுக்கு 18 கோடி டாலருக்கு விற்ற ஆண்டு அது. புதிய உரிமையாளர்கள் பீனின் ஒப்பந்தத்தை 2012 வரை நீட்டியதோடு கழகத்தில் ஒரு சிறு பங்கையும் அவருக்குக் கொடுத்தார்கள். அது 4 விழுக்காடு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சம்பளக்காரர் பங்காளியானார். 2002-இல் பாஸ்டன் தரமுடிந்தது சம்பளம் மட்டுமே. 2005-இல் ஓக்லாந்து தந்ததை வெளியிலிருந்து எந்தக் கழகமும் அவ்வளவு எளிதாகத் தந்துவிட முடியாது.

இதற்கு வலுவான மறுப்பு பிராஞ்ச் ரிக்கியிடமிருந்து வரும். புரூக்ளின் டாட்ஜர்ஸில் நாலில் ஒரு பங்கு அவருடையது. ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கிய பெருமையும் அவருடையது. இருந்தும் 1950-இல் வால்டர் ஓ’மேலி அவரை வெளியேற்றினார். பங்கை வாங்க 10 லட்சம் டாலருக்குமேல் கொடுக்க வேண்டியிருந்தது. எனில் பங்கு ஒருவரைக் காக்காதா? ரிக்கியின் பங்கு ஓ’மேலியின் பங்குக்குச் சமம். கழகத்தின் தலைமைக்கே அது போட்டி. பீனின் பங்கு யாருக்கும் அச்சுறுத்தல் இல்லாத அளவு சிறியது. அவரை வெளியேற விடாமல் இருத்த அது போதும். உரிமையாளரை எதிர்க்கப் போதாது. கழகத்தின் உள் ஆவணங்கள் எதையும் இதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பின்னே நடந்தவற்றை இதைவிடச் சிக்கனமாக விளக்கும் வேறு காரணத்தையும் நான் காணவில்லை.

பின்னே நடந்தவை இவை. 2007 முதல் 2011 வரை ஐந்து பருவங்களில் ஒன்றில்கூட ஓக்லாந்து தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. அதைத் தொடர்ந்து, 2012 பிப்ரவரியில், பீனின் ஒப்பந்தம் 2019 வரை நீட்டிக்கப்பட்டது. 2015-இல் அணி 94 ஆட்டங்களில் தோற்றது. அந்த அக்டோபரில் பீன் பேஸ்பால் பிரிவின் நிர்வாகத் துணைத் தலைவராக உயர்த்தப்பட்டார், அவரது துணைவர் டேவிட் ஃபோர்ஸ்ட் பொது மேலாளரானார். 2022-இல் அணி 102 ஆட்டங்களில் தோற்றது. அந்த நவம்பரில் பீன் உரிமையாளர் ஜான் ஃபிஷரின் ஆலோசகராக நகர்ந்தார், பொறுப்பு முழுவதும் ஃபோர்ஸ்டிடம் வந்தது. ஆட்டத்தின் வெற்றி தோல்வியைக் கொண்டு இந்த வரிசையைப் புரிந்துகொள்ள முடியாது. 1980-இன் உறுதிமொழியைக் கொண்டும் முடியாது.

பங்கின் பிடி எவ்வளவு என்பதை 2020 காட்டியது. பீன் இணைத் தலைவராக இருந்த ரெட்பால் என்ற முதலீட்டு நிறுவனம், ரெட் சாக்ஸின் உரிமையாளரான ஃபென்வே குழுமத்தோடு இணையப் பேசியது. அது கைகூடியிருந்தால் இரு கழகங்களில் நலன் கொண்டவராகப் பீன் நீடிக்க முடியாது. ஓக்லாந்தைத் துறக்க வேண்டியிருக்கும். 2021 ஜனவரியில் பேச்சு முறிந்தது. 2002-இல் அவரை அழைத்த அதே ஹென்றியின் நிறுவனம், இம்முறை வேறு வாசலில் வந்தும் கூட்டிப்போகவில்லை.

6

இன்னும் பின்னோக்கிப் போனால் 2002 தனி நிகழ்வாகத் தெரியாது. ஹாஸ் குடும்பம் உரிமையாளராக இருந்தபோது, 1981-இல் சட்ட ஆலோசகராக வந்த சாண்டி ஆல்டர்சன் 1983-இல் பொது மேலாளரானார். 1997-இல் அவரது துணைவர் பீன். 2004-இல் டிபொடெஸ்டா லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போகவே, அவர் இடத்தில் ஃபோர்ஸ்ட். பிறகு ஃபோர்ஸ்டே தலைமை. உரிமை கைமாறியும், நாற்பது ஆண்டுகளில் வெளியாள் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதே காலத்தில் களமேலாளர்கள் பலமுறை மாறினார்கள். 1995-இல் டோனி லா ரூசா போனதிலிருந்து எண்ணினால் ஹவ், மேக்கா, கெரன், மெல்வின், காட்சே.

இந்தத் தொடர்ச்சி திட்டமிட்ட கொள்கையா, செலவைச் சுருக்கும் கழகம் கைக்கெட்டியவரை வைத்துக்கொண்டதன் விளைவா என்பதை இப்போதுள்ள சான்றுகளால் பிரிக்க முடியவில்லை. இரண்டாவதற்கான வாய்ப்பை லேசில் ஒதுக்கக் கூடாது. உள்ளே வளர்ந்தவர் வெளியாளைவிட மலிவு. ஷாட் அனுமதி கொடுத்ததும் அதே சிக்கனக் கணக்கில் இருந்திருக்கலாம்: பெரிய சம்பளம் போய், வீரர் ஒருவர் வந்து, டிபொடெஸ்டா குறைந்த செலவில் பொறுப்பேற்பார். அப்படியானால் 2002-இல் ஓக்லாந்து பீனைத் தக்கவைக்க முயலவே இல்லை என்றாகிறது. அவர் திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது, அவ்வளவுதான். லூயிஸின் கதைக்கு இது உகந்த முடிவு இல்லை. என் வாதத்துக்கும் முழுதாக உகந்ததில்லை. தக்கவைத்தல் என்ற முடிவை 2002-லிருந்து எடுத்து 2005-இல் வைக்க வேண்டும் என்பதை மட்டும் இது இன்னும் வலுப்படுத்துகிறது.