ஜாவாஸ்கிரிப்ட் கோப்புச் சுருக்கம்

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை, அது செய்யும் வேலை மாறாமல், அளவில் சிறிதாக்கி உலாவிக்கு அனுப்புவதற்குக் கோப்புச் சுருக்கம் என்று பெயர். இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. ஒன்று, நிரலின் எழுத்தையே மாற்றி மெலிதாக்குவது. நிரலர்கள் இதை ‘மினிஃபை செய்வது’ என்பார்கள். மற்றொன்று, அந்தக் கோப்பை ஜிஸிப், ப்ராட்லி போன்ற முறைகளில் அழுத்தி அனுப்புவது. உலாவி அதை விரித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் பலர். முதலாவதில் களைந்தது களைந்ததுதான், திரும்பி வராது. இரண்டாவதில் ஒரு பைட்கூடக் குறையாமல் அப்படியே வந்து சேரும்.

ஜேக்வெரி நூலகத்தின் 3.7.1 பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். நிரலர்கள் எழுதிய வடிவில் அது சுமார் 285 கிலோபைட். மினிஃபை செய்தால் 87. அதையே ஜிஸிப்பில் அழுத்தினால் ஏறக்குறைய 30. அனுப்ப வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இவ்வளவு குறைய இடம் இருப்பதற்குக் காரணம் மொழியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், மூலநிரலாகவே பயணம் செய்யும் மொழி. சி மொழியில் எழுதியதைக் கம்பைல் செய்து இயந்திரக் குறியாக்கிக் கொடுப்பார்கள். எழுதியவர் வைத்த பெயர்களும் விளக்கங்களும் அவரிடமே தங்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலோ, பக்கத்து மேசைக்காரருக்காக எழுதிய கமென்ட், கண்ணுக்கு இதமாக விட்ட இடைவெளி, நீளமான மாறிப்பெயர் எல்லாமே வாசகரின் கைபேசி வரை போய்ச் சேரும். டேட்டா காசு அவருடையது.

மெலிதாக்குவது எப்படி என்பதை ஒரு வரியிலேயே பார்த்துவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் மாறிப்பெயர்களையும் ஏற்கும் என்பதால் இது ஓடக்கூடிய நிரல்தான்:

(விலை, எண்ணிக்கை) => விலை * எண்ணிக்கை

விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கித் தரும் ஃபங்ஷன் இது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். ஆகவே இந்த வரி 89 பைட். இந்தப் பெயர்கள் ஃபங்ஷனுக்கு வெளியே யாருக்கும் தேவையில்லை என்பதைக் கருவி கண்டுகொண்டு, விலையை ஒற்றை ஆங்கில எழுத்தாகவும் எண்ணிக்கையை இன்னொன்றாகவும் மாற்றி, இடைவெளிகளையும் நீக்கிவிடும். மிஞ்சுவது 10 பைட். கணினிக்கு இரண்டும் ஒன்றே.

இந்தத் துறையில் முன்னோடிக் கருவி டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்மின். 2000களின் தொடக்கத்தில் வந்த அந்தச் சிறிய நிரல் கமென்ட்களையும் வெற்றிடங்களையும் மட்டும் நீக்கும், பெயர்களைத் தொடாது. 2007இல் யாஹூ வெளியிட்ட ஒய்யுஐ கம்ப்ரசர் நிரலின் இலக்கணத்தையே பிரித்துப் படித்ததால், பெயர்களைச் சுருக்கும் துணிவு அதற்கு இருந்தது. 2009இல் கூகுளின் க்ளோஷர் கம்பைலர் இன்னும் ஒரு படி மேலே போய், யாரும் அழைக்காத ஃபங்ஷன்களை மொத்தமாக வெட்டியது. 2010இல் மிஹாய் பசோன் எழுதிய அக்லிஃபைஜேஎஸ் வந்தது. அந்த வழியில் கிளைத்த டெர்சர் 2018 முதல் பரவலாகப் புழங்குகிறது. கோ மொழியில் எழுதப்பட்ட இஎஸ்பில்ட் 2020இல் வந்து வேகத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

மெலிதாக்குவதில் கைதவறினால் நிரலே உடையும். ஜாவாஸ்கிரிப்டில் வரி முடிவில் அரைப்புள்ளி போட மறந்தால், பல இடங்களில் மொழியே அதைப் போட்டுக்கொள்ளும். வரி முறிவை அசட்டையாக நீக்கினால் அந்த உதவி போய்விடும். இரண்டு வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும். பல கோப்புகளை ஒன்றாக ஒட்டும்போதும் இதே ஆபத்துதான். முந்திய கோப்பு அரைப்புள்ளி இல்லாமல் முடிந்து, அடுத்தது அடைப்புக்குறியில் தொடங்கினால், அதை ஃபங்ஷன் அழைப்பு என்று உலாவி எடுத்துக்கொள்ளும். பழைய ஜேக்வெரி செருகுநிரல்கள் பலவற்றின் முதல் எழுத்தே ஒரு தனி அரைப்புள்ளியாக இருப்பது இதற்கான முன்னெச்சரிக்கை. ஆங்குலர்ஜேஎஸ் கட்டமைப்பில் சிக்கல் வேறு விதம். ஃபங்ஷனின் அளபுருக்களுக்கு வைத்த பெயரைப் படித்துத்தான் அது எந்தச் சேவையைத் தருவது என்று முடிவு செய்தது. மினிஃபை செய்ததும் பெயர் ஓரெழுத்தாகிவிட, செயலி நின்றுபோனது. பெயர்களை மேற்கோள்குறிக்குள் சரங்களாகவும் எழுதிவைப்பது அதற்குத் தீர்வாயிற்று. சரங்களைக் கருவிகள் தொடுவதில்லை.

டீன் எட்வர்ட்ஸின் பேக்கர் என்ற கருவி கற்றுத்தந்த பாடம் இதைவிடப் பெரியது. அது நிரலையே ஒரு மூட்டையாகக் கட்டி, அவிழ்க்கும் நிரலையும் கூடவே வைத்து அனுப்பியது. ஆரம்பகால ஜேக்வெரியும் இந்த வடிவில் கிடைத்தது. கோப்பு சிறிதுதான். ஆனால் பக்கம் திறக்கும்போதெல்லாம், உலாவியின் தற்காலிக நினைவகத்தில் கோப்பு இருந்தாலும்கூட, மூட்டையை மறுபடி அவிழ்த்தாக வேண்டும். வரும் வழியில் மிச்சம் பிடித்த நேரம் வந்த இடத்தில் செலவானது. கம்பியில் போகும் அளவை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அந்த நிரலைப் படித்து இயக்கும் மலிவு விலைக் கைபேசியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வேலையான அழுத்தத்தை உலாவியும் சர்வரும் பேசி வைத்துக்கொண்டு செய்கின்றன. தனக்கு எந்தெந்த முறை தெரியும் என்று உலாவி ஒவ்வொரு கோரிக்கையிலும் சொல்லும். சர்வர் அதில் ஒன்றைத் தேர்ந்து அனுப்பும். ஜிஸிப்பை ஜான்-லூ கையியும் மார்க் அட்லரும் 1992இல் வெளியிட்டார்கள். கடந்துவந்த 32 கிலோபைட்டுக்குள் முன்பே வந்த தொடர் மறுபடி வந்தால், அதைத் திரும்ப எழுதாமல் ‘இத்தனை பைட் பின்னால் போய் இத்தனை எழுத்து எடு’ என்ற குறிப்பை மட்டும் வைக்கும். அடிக்கடி வரும் குறிகளுக்குக் குட்டைக் குறியீடு, அரிதானவற்றுக்கு நெட்டைக் குறியீடு என்று ஹஃப்மன் முறை மேலும் இறுக்கும்.

தமிழ் உரை நிறைந்த நிரல்களுக்கு இது பெரிய துணை. ‘வணக்கம்’ என்பதில் ஒருங்குறிக் கணக்குப்படி 7 குறிகள்; 21 பைட். சில கருவிகளில் ‘ஆஸ்கி மட்டும்’ என்ற தெரிவை இயக்கிவிட்டால், ஒவ்வொரு குறியும் 6 பைட் நீள ஆஸ்கி மாற்றுக்குறியாகி 42 பைட் ஆகிவிடும். கோப்பு யுடிஎஃப்-8 என்று சர்வர் சரியாக அறிவிக்கும்போது அந்தத் தெரிவுக்குத் தேவையே இல்லை. யுடிஎஃப்-8இல் எல்லாத் தமிழ்க் குறிகளும் ஒரே முதல் பைட்டில் தொடங்குகின்றன. இரண்டாவது பைட்டும் இரண்டில் ஒன்றுதான். திரும்பத் திரும்ப வருவதை விழுங்குவதே ஜிஸிப்பின் வேலை என்பதால் அந்தக் கனத்தில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடும்.

கூகுளின் யூர்க்கி அலாகுயாலாவும் ஜோல்டான் சபாட்காவும் உருவாக்கிய ப்ராட்லி, சுவிஸ் ஜெர்மனில் சிறு ரொட்டியின் பெயர் தாங்கியது. அதன் வரையறை ஆவணம் 2016இல் வெளிவந்தது. சுமார் 13,000 சொற்களும் சொற்பகுதிகளும் கொண்ட அகராதியை உலாவியிலேயே அது வைத்திருக்கிறது. இந்தி உட்பட ஆறு மொழிகளிலிருந்து எடுத்தவற்றோடு, ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமாக வரும் தொடர்களும் அதில் உண்டு, தமிழ் இல்லை. ப்ராட்லியின் உச்ச நிலையான 11இல் அழுத்துவதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் மாறாத கோப்புகளை ஒருமுறை அழுத்தி வைத்துவிட்டால் போதும்.

மெலிந்த நிரலில் பிழை தேடுவது ஒரே வரியில் அச்சடித்த புத்தகத்தில் சொல் தேடுவது போன்றது. இதற்குத்தான் சோர்ஸ் மேப். மெலிந்த கோப்பின் எந்த இடம் மூலக் கோப்பின் எந்த வரி என்று அது குறித்துவைக்கும். 2024இல் எக்மா அமைப்பு இதைத் தரமாக்கியது. உரிம அறிவிப்பு உள்ள கமென்ட்டை மட்டும் கருவிகள் விட்டுவைப்பதற்கு, அதன் தொடக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி இடும் வழக்கம் உண்டு. திறமூல நூலகம் எழுதியவரின் பெயரைச் சில பைட்டுகளுக்காக அழிப்பது தவறு. பல உரிமங்களின்படி மீறலும்கூட.

இத்தனைக்குப் பிறகும், நடைமுறையில் கோட்டை விடுவது சர்வர் அமைப்பில்தான். என்ஜின்எக்ஸ் சர்வரில் ஜிஸிப் இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கினாலும் ஹெச்டிஎம்எல் பக்கங்களை மட்டுமே அழுத்தும். ஜாவாஸ்கிரிப்ட் வகையை நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும். தளம் நடத்துகிறவர்கள் உலாவியின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒரு ஸ்கிரிப்ட் கோப்பைச் சொடுக்கி, பதில் தலைப்புகளில் ‘கன்டென்ட்-என்கோடிங்’ என்ற வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதினால் சரியாகிவிடும்.