செப்பேட்டில் எழுதிய போர்



எங்கள் கே.ஜி.கண்டிகையைப் போலவே திருத்தணி வட்டாரத்தில் அடங்கிய ஊர் திருவாலங்காடு. முதலாம் இராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் அங்கே கிடைத்தன. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடைச் சாசனம் அது. ஓர் ஊரைக் கொடுப்பதற்கு 31 ஏடுகள் ஏன்?

அதன் வடமொழிப் பகுதி சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. மனு, இட்சுவாகு, சிபி எனப் புராண அரசர்களைக் கடந்து வரலாற்று மன்னர்களிடம் வந்து சேர்கிறது. இந்தக் குலமுறை வெறும் அலங்காரமன்று. பகீரதன் தவத்தால் கங்கையைக் கொணர்ந்தான். அவன் குலத்தோன்றலோ தோள்வலியால் கொணர்கிறான். இவ்வாறு வங்கம் வரை சென்ற படையெடுப்பு, மூதாதையின் புண்ணியச் செயலுக்குத் தொடர்ச்சியாகிவிடுகிறது. இலங்கைப் போரும் அப்படியே. இராமன் குரங்குகளைக் கொண்டு அணைகட்டிக் கடந்த கடலை இராஜராஜனின் படை கப்பலேறிக் கடந்ததாம். ஆகவே இராமனிலும் மேம்பட்டதாம். காப்பியத்தில் பகைவன் இராவணன். உண்மையில் எதிரே இருந்தவர்கள் அநுராதபுரத்து மனிதர்கள். சோழர் படை விகாரைகளைச் சூறையாடியதைச் சூளவம்சம் கூறுகிறது.

அதற்கு முந்திய மகாவம்சமும் தூயதன்று. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற துட்டகைமுனு, மாண்டவர்களை எண்ணிக் கலங்கினான். கொல்லப்பட்டோர் ஒன்றரை மனிதரே என்று துறவியர் அவனைத் தேற்றியதாக அந்நூல் எழுதுகிறது.

அயலார் ஏட்டைக் குறைகூறுவது எளிது. இறையியல் கல்லூரி நாட்களில் யோசுவாவின் நூலை வெற்றிப் பரணியாகவே வாசித்தவன் நான். 1637இல் அமெரிக்காவின் மிஸ்டிக் என்னும் இடத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் பீக்வாட் பழங்குடியினரின் குடியிருப்பைப் பெண்களும் குழந்தைகளும் உள்ளிருக்கவே எரித்தார்கள். படைத்தலைவருள் ஒருவரான ஜான் அண்டர்ஹில், அதற்கு நியாயமாகத் தாவீதின் போரைச் சுட்டிக்காட்டினார். அவர் கையில் இருந்தது நம்முடைய வேதாகமம்.

அதே தாவீதுக்கு நேர்ந்ததை 1 நாளாகமம் 22ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். வெற்றிக்குப்பின் ஆலயத்திற்குக் கொடை அளிப்பது அக்கால அரசர் வழக்கம். தாவீதும் கர்த்தருக்கு ஓர் ஆலயம் கட்ட விரும்பினான். அவன் மிகுதியாக இரத்தம் சிந்தியவன் என்பதால் கர்த்தர் தடுத்துவிட்டார். தாவீது பொன்னையும் இரும்பையும் கேதுரு மரங்களையும் சேர்த்து வைத்தான். ஆலயத்தைக் கட்டியவன் சாலொமோன்.