இன்னும் எத்தனை தடவைதேன்?

சூலக்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண், பசைக் கையை மேலே தூக்கிப் பிடித்தபடி முழங்கையாலேயே மூன்று வயது மகளை என் பக்கம் தள்ளினாள். “போன மாசந்தேன் ஊத்துனீங்க நர்ஸக்கா. இன்னும் எத்தனை தடவைதேன்?”

1995 டிசம்பரில் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ தொடங்கியதற்கு அடுத்த மாதம் அது, இரண்டாவது சுற்று. கிராம சுகாதார செவிலியராக ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்த வருஷங்களில் இதே கேள்வியை எல்லாத் தெருவிலும் கேட்டாயிற்று. “கவர்மெண்ட்டு ஆர்டர் தாயி” என்பேன். விஷயம் தெரியாதவர்கள் சொல்கிற பதில்.

எங்கள் ஊர் வெயிலில் மருந்து கெட்டுப்போகிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப ஊற்றுகிறோம் என்றுதான் நானே நினைத்திருந்தேன். பிற்பாடு குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு வெளுத்த சதுரம் வைத்தார்கள். சூடு படப்படச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். சதுரம் வெளுப்பாகவே இருந்தது, சுற்றுகளும் நின்றபாடில்லை.

விடை வேலூரில் 1970களிலேயே இருந்திருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் போதுமான மூன்று தவணை நம் பிள்ளைகளுக்குப் பற்றவில்லை என்று சொன்னார். நல்ல குளிரில் வைத்த மருந்துக்கும் அதே கதைதான். சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். குடலில் ஒட்டிப் பெருகினால்தான் அதற்கு வேலை. நம் பிள்ளைகளின் குடலிலோ வேறு கிருமிகள் முன்னமே துண்டு போட்டு இடம் பிடித்திருக்குமோ என்று சந்தேகம்.

அப்படியானால் குடலைச் சுத்தம் செய்துவிட்டு ஊற்றினால்? 2011இல் அமெரிக்காவில் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்துப் பார்த்தார்கள். போலியோ வைரஸ் பெருகுவது குறைந்துபோனது. பாக்டீரியாதான் அதற்குத் துணை. 2014இல் வேலூரில் ஒரு வயது நிரம்பாத சுமார் 750 குழந்தைகளில் பாதிப்பேருக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்து, பிறகு சொட்டு மருந்து ஊற்றினார்கள். கெட்ட பாக்டீரியா குறைந்தது. காப்பு கூடவில்லை.

எனக்குப் பிடித்த சோதனை அதே வேலூரில் நடந்த இன்னொன்று. முன்பே பல தடவை சொட்டு குடித்த 450 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குச் செத்த வைரஸ் ஊசி ஒன்று போட்டார்கள். அப்புறம் எல்லோருக்கும் சொட்டு ஊற்றி மலத்தைச் சோதித்தால், ஊசி போட்டவர்களிடமிருந்து வைரஸ் வெளியேறியது குறைவு. குத்தியது தசையில், தெரிந்தது வயிற்றில்!

2016இல் தமிழ்நாட்டிலும் அந்த ஊசி வந்தது. அப்போது ஆறாவது வாரமும் பதினாலாவது வாரமும், வலது மேற்கையில், தோலுக்குள் 0.1 மில்லி. சரியாக ஏறினால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சின்ன மேடு எழும்பும். என் முதல் ஊசியில் ஒன்றும் எழும்பவில்லை, ஆழமாகக் குத்திவிட்டேன்.

அந்த வருஷம் பெட்டி ஒட்டிய பெண் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “சொட்டுதேன் ஊத்தியாச்சே, ஊசி எதுக்குக்கா?”

பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்து எலி, வேலூர், குடல் என்று கால் மணி நேரம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள்.

“சரிக்கா. ராத்திரி காய்ச்ச வருமா?”