மாவு அட்டை

அந்த அட்டை கோதுமை மாவுக்காகப் பிறந்தது. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் ஊரிழந்தார்கள். அவர்களுக்கான ஐ.நா. நிவாரண அமைப்பான உன்ரா 1950 மே மாதம் வேலையைத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஓர் அட்டை. நீட்டினால் மாவு, சர்க்கரை, எண்ணெய். முகாம்களில் அதற்கு 'கர்த் அல் முஅன்' என்று பெயர். நம் ரேஷன் கார்டுதான்.

ஆனால் அதைப் பெற, 1946 ஜூன் முதல் 1948 மே 15 வரை பாலஸ்தீனத்தில் குடியிருந்ததையும், வீட்டோடு பிழைப்பையும் பறிகொடுத்ததையும் காட்ட வேண்டியிருந்தது. அதனால் மாவு நின்ற பிறகும் அட்டையை யாரும் தூக்கி எறியவில்லை. பதிவு தகப்பன் வழியில் பேரப்பிள்ளைகள்வரை இறங்கியது.

அட்டையால் நாடு மட்டும் கிடைக்கவில்லை. லெபனானில் இந்த அட்டைக்காரர் வழக்கறிஞராக முடியாது. 2001க்குப் பிறகு சொந்த வீடும் வாங்க முடியாது.

இன்னொரு பூட்டு 1951 அகதிகள் உடன்படிக்கையில் இருந்தது. உன்ரா போன்ற ஓர் ஐ.நா. அமைப்பின் உதவி பெறுபவருக்கு உடன்படிக்கை பொருந்தாது என்றது 1டி பிரிவு. சோறு போட்ட கையைக் காட்டியே சட்டத்தின் வாசலை அடைத்தது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. சாவியும் அங்கேயே இருந்தது: எக்காரணத்தாலாவது அந்த உதவி நின்றால், உடன்படிக்கையின் பயன் தானாகவே கிடைக்கும்.

அந்தச் சாவி ஹங்கேரியில் திரும்பியது. உன்ராவின் உதவியைப் பெற்றதற்கு அதன் பதிவே போதிய சான்று என்று 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அடுத்து ஹங்கேரிக்கு வந்து புகலிடம் கேட்டவர்களில் ஒருவருக்கு, லெபனானின் ஐன் அல் ஹில்வே முகாமில் வீடு எரிக்கப்பட்டிருந்தது. இன்னொருவரின் வீடு, 2007 மோதலில் நஹ்ர் அல் பாரித் முகாமில் அழிந்திருந்தது. திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற ஹங்கேரி, அகதி என்று ஏற்க மறுத்தது. 2012 டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது: உயிருக்கு அஞ்சி, தன் விருப்பமின்றி வெளியேறியவருக்கு உதவி நின்றுவிட்டதாகவே பொருள், அகதி உரிமை அவருக்குத் தானாகவே உண்டு.

பிறகு பல்கேரியாவில் ஒரு தாயும் குழந்தையும். காசாவிலிருந்து 2018இல் கிளம்பியவர்கள். 2024 ஜூனில் அதே நீதிமன்றம் பல்கேரிய நீதிபதிகளுக்குச் சொன்னது: அவர்கள் கிளம்பிய நாளின் காசாவை மட்டும் பார்க்காதீர்கள், நீங்கள் தீர்ப்பு எழுதும் நாளின் காசாவையும் பாருங்கள்.