சுமை, தோள், பொறி: மும்பைத் தமிழர் உழைப்பு வரலாற்றில் பாரமேற்றும் கருவிகள்

முன்னுரை

விளைபொருள் நிலத்தை விட்டு நீங்கும் இடத்தில் வேளாண்மை வரலாறு முடிந்துவிடுவதாகக் கருதும் போக்கு நம் ஆய்வுகளில் காணப்படுகிறது. உழுதல், விதைத்தல், நீர் பாய்ச்சுதல், அறுத்தல் ஆகியவற்றுக்குரிய கருவிகள் பெற்ற கவனத்தை, விளைந்ததை ஏற்றவும் இறக்கவும் பயன்பட்ட கருவிகள் பெறவில்லை. அக்கருவிகளோடு சேர்ந்து தேய்ந்த மனித உடல் இன்னும் குறைவாகவே பேசப்பட்டுள்ளது. திருநெல்வேலிச் சீமையின் கிணற்றடியிலிருந்து பம்பாய்த் துறைமுகம் வரை நீளும் இவ்வரலாற்றின் சில பகுதிகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அதன் விலையைக் காட்டிலும், அதைப் பேணும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே பெரிதும் செல்வாக்குச் செலுத்தியது என்பது இதன் கருதுகோளாகும்.

கிணற்றடியில் தேர்வும் பேணுதலும்

தமிழக உழவர் நீரிறைக்கும் கருவியைக் கிணற்றின் ஆழம் நோக்கித் தேர்ந்தனர். ஆழம் குறைந்த கிணற்றுக்கு ஆள் மிதிக்கும் ஏற்றமும், ஆழமான கிணற்றுக்கு மாடு பூட்டிய கமலையும் பயன்பட்டன. கமலையில் சால், தோற்பை, வடக்கயிறு, வால்கயிறு, உருளை என ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு காலத்தில் தேய்வன. தோல் கிழிந்தால் தைக்கவும், உருளை தேய்ந்தால் மாற்றவும், சால் ஓட்டையானால் அடைக்கவும் தோல்தொழிலாளர், தச்சர், கொல்லர் ஆகியோர் ஊரிலேயே இருந்தனர். அவர்களுக்குரிய ஊதியம் அறுவடைக் களத்தில் தானியப் பங்காக அளக்கப்பட்டது. 'சுதந்திரம்' என வழங்கிய இப்பங்கு, பேணும் செலவை விளைச்சலின் மீதே ஏற்றிய ஏற்பாடாகும். சாதிப் படிநிலையால் பிணிக்கப்பட்ட ஏற்பாடு இது என்பதையும், தோல்தொழிலாளரின் பங்கும் மதிப்பும் அதில் கீழ்நிலையிலேயே இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

சுமப்போரைப் பேணும் கருவிகளும் ஊரில் இருந்தன. தலைக்கும் சுமைக்கும் இடையே வைக்கும் சும்மாடு ஒன்று. வழிநடைச் சாலையோரத்துச் சுமைதாங்கிக்கல் மற்றொன்று. பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அக்கல் நடப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் பரவலாக அறியப்பட்டதே. சுமப்பவரின் ஓய்வை ஊரார் தம் பொறுப்பாக ஏற்றதற்கு இக்கல் சான்று எனலாம்.

தாராவியும் மாட்டுங்காவும்

19ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலம் தொட்டுத் திருநெல்வேலி வட்டாரத்தினர் பலர் தாராவியில் குடியேறினர். தோல் பதனிடும் தொழில் அங்கு அவர்களது முதன்மையான பிழைப்பாயிற்று. துறைமுகம், இருப்புப்பாதை, பஞ்சாலை ஆகியவற்றின் கூலி வேலைகளுக்கும் பலர் சென்றனர். 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மனைகளில் உருவான மாட்டுங்காவில், அலுவலகப் பணியாளரான தென்னிந்தியர் மிகுதியாகக் குடியேறினர். ஒரே மொழியினர், ஒரே நகரில், தோளால் உழைப்போராகவும் பேரேடு எழுதுவோராகவும் பிரிந்து வாழ்ந்தமை நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும். எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் பேரேட்டின் பக்கமே நின்றது.

துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்

பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக்கழகம் 1873இல் நிறுவப்பட்டது. சாசூன் துறை 1875இலும், இளவரசர் துறை 1880இலும், விக்டோரியா துறை 1888இலும், அலெக்சாண்டிரா துறை 1914இலும் திறக்கப்பட்டன. தக்காணத்துப் பருத்தியும் தானியமும் இவ்வழியே கடல் கடந்தன. இங்கு நிறுவப்பட்ட நீரழுத்தப் பாரந்தூக்கிகள், வில்லியம் ஆம்ஸ்டிராங் 1846இல் நியூகாசில் துறையில் இயக்கிக்காட்டிய முறையைச் சார்ந்தவை. இறைப்பு நிலையம், அழுத்தச் சேமகம், நெடுங்குழாய்கள் ஆகிய அனைத்தும் பழுதின்றி இருந்தால்தான் ஒரு கை அசையும். உந்துதண்டைச் சுற்றி நீர் கசியாமல் காத்தது அக்காலத்தில் தோல்வளையமே. கமலையைப் போலவே இம்மாபெரும் பொறியும் தோலின் உறுதியை நம்பி நின்றது என்பது சுவையான ஒப்புமையாகும்.

ஆயினும் பாரந்தூக்கி செய்த பணி கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்டதே. கப்பலின் அடித்தளத்தில் பொதிகளைக் கொக்கியிட்டு அடுக்குவதும், கரையிலிருந்து கிடங்கு வரை கொண்டு செல்வதும் மனிதர் பணியாகவே நீடித்தன. எனவே பொறி தோளை விடுவிக்கவில்லை. தோளின் வேகத்தைத் தன் வேகத்திற்கு இழுத்தது.

சங்கிலிக்கு முன்னுரிமை

பேணும் செலவு பற்றிய கருதுகோளைச் சட்ட வரலாறு தெளிவாக்குகிறது. துறைமுகத் தொழிலாளர் விபத்துத் தடுப்புக் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1932ஆம் ஆண்டு ஒப்பந்தம், பாரந்தூக்கிகளை ஆண்டுதோறும் முழுமையாக ஆய்தல், சங்கிலிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை உலையிலிட்டுப் பதப்படுத்துதல், தாங்கத்தக்க எடையைப் பொறியின் மீதே பொறித்தல் ஆகியவற்றை விதித்தது. அதனையொட்டி இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1934இல் இயற்றப்பட்டு 1948இல் நடைமுறைக்கு வந்தது.

மனிதர் சுமக்கும் எடை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமோ 1967இல்தான் உருவாயிற்று. அதிலும் எண்ணளவு குறிக்கப்படவில்லை. உடன் வெளியான பரிந்துரையே வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்னும் அளவைச் சொன்னது. இந்தியா அவ்வொப்பந்தத்தை 2010இல் ஏற்றது. இரும்பின் தாங்கும் எல்லைக்கும் உடலின் தாங்கும் எல்லைக்கும் இடையே பன்னாட்டு அளவில் 35 ஆண்டுகள் இடைவெளி இருந்தமை குறிப்பிடத்தக்கது. சங்கிலி அறுந்தால் இழப்பு உரிமையாளருக்கு. முதுகு முறிந்தால் இழப்பு குடும்பத்துக்கு. இவ்வேறுபாடே இடைவெளிக்கு முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு.

உடலும் கணக்கில் ஏறுதல்

அன்றாடம் ஆள்பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்த வேண்டும் என அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1951இல் பம்பாய்த் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. அங்காடிகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமந்தோர் அதற்குப் பின்னும் பாதுகாப்பின்றி இருந்தனர். அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையிலான இயக்கத்தின் பயனாக 1969இல் மகாராட்டிர மாத்தாடிச் சட்டம் நிறைவேறியது. 'தலை' எனப் பொருள்படும் மராத்திச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். கூலியுடன் குறிப்பிட்ட விழுக்காட்டுத் தீர்வையையும் வணிகர் வாரியத்தில் செலுத்த வேண்டும். வைப்புநிதி, பணிக்கொடை, விடுப்பு ஊதியம், மருத்துவம் ஆகியன அத்தீர்வையிலிருந்து வழங்கப்படும். களத்துமேட்டுப் பங்கு கருவியைப் பேணியது போல, இத்தீர்வை சுமப்பவரின் உடலைப் பேண வகைசெய்தது. கேரளம் 1978இலும் தமிழகம் 1982இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின.

செம்பூரும் சரக்குப் பெட்டகமும்

செம்பூரை அடுத்த திராம்பேயில் உரத் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. கிராமத்து விளைச்சல் நகருக்கு வந்த பாதையில், நகரின் உரமூட்டை கிராமத்துக்குத் திரும்பிச் சென்றது. நெடுங்காலம் 50 கிலோவாக இருந்த யூரியா மூட்டை 2018இல் 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. உரப் பயன்பாட்டைக் குறைப்பதே அதன் நோக்கம். சுமப்பவரின் தோள் அதனால் அடைந்த நன்மை தற்செயலானது.

1989இல் ஜவகர்லால் நேரு துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் சரக்குப் பெட்டகங்கள் பெருகின. பழைய துறைகளில் பொதி சுமந்த தலைமுறையின் பணி சுருங்கியது. பொறியின் பராமரிப்புப் பதிவேடுகள் ஆவணங்களாக எஞ்சக்கூடும். சுமந்தோரின் அனுபவமோ அவர்தம் நினைவில் மட்டுமே உள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், பொறியா தோளா என்னும் தேர்வு தொழில்நுட்பம் பற்றிய தேர்வாக மட்டும் இருந்ததில்லை என்பது புலனாகிறது. தேய்மானத்தின் விலையை உழைப்பவர் வீட்டில் ஏற்ற முடிந்தவரை தோள் மலிவாகத் தோன்றியது. சட்டம் அவ்விலையை வணிகர் கணக்கிற்கு மாற்றியபோதே அதன் உண்மை மதிப்பு தெரியவந்தது. தமிழ்ப் பொதுநினைவு, விக்டோரியா முனையத்தில் சுமைதூக்குபவராகத் தொடங்கிய வரதராஜ முதலியாரைத் தழுவிய 'நாயகன்' (1987) போன்ற படைப்புகளின் வழியே பம்பாயை அறிந்துள்ளது. அவரோடு சுமை தூக்கிய பிறரை அது அறியவில்லை. தாராவி மறுசீரமைப்புப் பணிகள் முன்னெடுக்கப்பட்டு வரும் இந்நாளில், முதிய தொழிலாளரின் வாய்மொழி வரலாற்றையும், அவர்கள் மராத்தி, இந்தி, தமிழ் கலந்து வழங்கிய தொழிற்சொற்களையும் தொகுப்பது தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும்.